உங்கள் மின்னூல்களை ஒழுங்குபடுத்தி எல்லாக் கருவிகளிலும் படிக்க: முழுமையான வழிகாட்டி

ஃபோனில் கொஞ்சம், லேப்டாப்பில் கொஞ்சம், கிண்டிலில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது கொஞ்சம். மின்னூல் சேர்ப்பவர்கள் பலருடைய நிலைமை இதுதான். சரிசெய்ய உட்கார்ந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது நல்ல வாசிப்புச் செயலியை. சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செயலி கடைசியில் வர வேண்டிய விஷயம்.

சரியான வரிசை இது: சேகரி, பிரி, பெயரைத் திருத்து, வடிவத்தை மாற்று, எழுத்துருவைச் சோதி, அப்புறம் கருவிக்கு அனுப்பு. ஒரு நூலைக் கருவிக்கு அனுப்பிப் பாதி படித்து, பத்து இடங்களில் அடிக்கோடும் போட்ட பிறகு, 'ஆசிரியர் பெயர் தப்பாக இருக்கிறதே' என்று திருத்தி மறுபடி அனுப்பினால் கருவி அதைப் புதிய நூலாகவே எடுத்துக்கொள்ளும். விட்ட இடமும் போச்சு, அடிக்கோடும் போச்சு. எனவே கணினியில் இருப்பதுதான் நூலகம், கருவிகளில் இருப்பவை அதன் நகல்கள். திருத்தம் எதுவானாலும் கணினியில் மட்டும். இதை ஏற்றுக்கொண்டால்தான் கீழே உள்ள படிகள் வேலை செய்யும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு கணினி வேண்டும். பழைய லேப்டாப்பே போதும். அதில் மின்னூல்களை ஒழுங்குபடுத்த உதவும் காலிபர் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கோ பெரிய பென்டிரைவோ தேவை. அது காப்பு நகலுக்கு. 'அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுபவர்கள் வாங்குவதே இல்லை.

அடுத்து, எந்தெந்தக் கருவியில் படிக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் கிண்டில், பஸ்ஸில் ஃபோன் என்று இரண்டே வரியாக இருக்கலாம். எந்த வடிவம் வேண்டும் என்பதை இந்தத் தாள்தான் முடிவு செய்யும். இது தெரியாமல் இருக்கிற நூலையெல்லாம் நான்கு வடிவங்களில் மாற்றி வைப்பது வீண் வேலை.

2. சிதறிக் கிடப்பதை ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவருதல்

கணினியில் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். எல்லா நூலும் முதலில் இங்கே வரட்டும். ஃபோனின் டவுன்லோட்ஸ், டெலிகிராம் இறக்கங்கள், மின்னஞ்சல் இணைப்புகள், பழைய பென்டிரைவ்கள் என எதையும் விடாதீர்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்புகள் 'வாட்ஸ்அப் டாகுமென்ட்ஸ்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். டவுன்லோட்ஸில் மட்டும் தேடிவிட்டு 'காணோம்' என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இந்தக் கட்டத்தில் நகல் எடுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். ஃபோனில் இருப்பதை அழிக்க இன்னும் நேரம் வரவில்லை. அதேபோல 'வரவு' ஃபோல்டருக்குள் நாவல், கவிதை, சமையல் என்று உள்ஃபோல்டர்களும் போட வேண்டாம். வகைப்படுத்துவது காலிபருக்குள் நடக்கும். இங்கே செய்தால் அதே வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் பின்னால் உழைப்பு மிச்சம். தமிழ் விக்கிமூலத்தில் உள்ள நூல்களை நேராக இபப் என்ற பொதுவான மின்னூல் கோப்பு வடிவில் இறக்கலாம். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் இபப்புடன் 6 இன்ச் திரைக்கென்று தனி பிடிஎஃப்பும் தருகிறது. மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் யுனிகோடு எழுத்திலேயே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலங்கையின் நூலகம் தளத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். ஒரே நூல் இரண்டு இடங்களில் கிடைத்தால் இபப்பை எடுங்கள். ஸ்கேன், வேறு வழியில்லாதபோது.

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் புதிய நூல்களின் ஸ்கேன் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்பனையில் இருக்கும் நூலைத் திருட்டுப் பிரதியாக வைத்திருப்பது எழுதியவருக்குச் செய்யும் அநியாயம் என்பது ஒருபுறம். இன்னொருபுறம், அந்தக் கோப்புகள் கோணலாகவும் பக்கம் விட்டும்தான் இருக்கின்றன. இந்தக் கட்டத்திலேயே கழித்துவிடுங்கள்.

3. நான்கு குவியலாகப் பிரித்தல்

எல்லா மின்னூலும் ஒரே வகை அல்ல. 'வரவு' ஃபோல்டரில் இருப்பதை இப்படிப் பிரியுங்கள்.

முதல் குவியலில் இபப் கோப்புகளும், கிண்டிலுக்கான மோபி, ஏஇசட்டபிள்யூ3 கோப்புகளும். இவற்றில் திரைக்கு ஏற்ப வரிகள் மடங்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம். வேலை குறைவு.

இரண்டாவது, எழுத்துள்ள பிடிஎஃப். மூன்றாவது, ஸ்கேன் செய்த பிடிஎஃப். இரண்டையும் வெறும் பார்வையில் பிரிக்க முடியாது. நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லையென்றால் அது ஸ்கேன். முடிந்தால் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். நல்ல தமிழ் வந்தால் பிரச்சினை இல்லை. 'கொடு' என்ற சொல்லில் கொம்பு முன்னால் கழன்று, தனி வட்டத்தோடு நின்றால் அது பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்து வரிசை கலைந்த கோப்பு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி, டாம், டாப் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்தது. திரையில் மூன்றும் ஒரே மாதிரி அழகாகத் தெரியும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வடிவம் மாற்றப் போகிறவர்கள்தான் 'காலிபர் தமிழைக் கெடுத்துவிட்டது' என்று திட்டுகிறார்கள்.

நான்காவது, கடையில் காசு கொடுத்து வாங்கிய, பூட்டுள்ள நூல்கள். இவை அந்தந்தக் கடையின் செயலியிலும் கருவியிலும்தான் திறக்கும். கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆகவே இந்தக் குவியலை நகர்த்த முயன்று நேரத்தைக் கழிக்காதீர்கள். அதற்குப் பதில் காலிபரில் 'ஆட் எம்ப்டி புக்' என்ற தேர்வில் தலைப்பையும் ஆசிரியரையும் மட்டும் பதிந்து, 'கிண்டிலில் உள்ளது' என்று ஒரு குறிச்சொல் போடுங்கள். கோப்பு இல்லாவிட்டாலும் பட்டியலில் நூல் இருக்கும். தள்ளுபடி நாளில் ஏற்கெனவே இருக்கும் நூலை மறுபடி வாங்காமல் தப்பிக்க இது உதவும்.

4. காலிபரைத் திறந்ததும் நூலைச் சேர்க்காதீர்கள்

முதல் முறை திறக்கும்போது நூலகத்தை எங்கே வைப்பது என்று காலிபர் கேட்கும். கணினியின் சொந்த டிஸ்க்கில் ஓர் இடம் கொடுங்கள். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவற்றோடு ஒத்திசையும் ஃபோல்டரைக் கொடுக்க வேண்டாம். நூல்களின் விவரம் எல்லாம் ஒரே தரவுத்தளக் கோப்பில்தான் இருக்கிறது. காலிபர் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கிளவுட் அதை மேலேற்றினாலோ, இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறந்திருந்தாலோ அந்தக் கோப்பு சிதைய வாய்ப்பு உண்டு.

அடுத்து அமைப்புகளில் 'ஆடிங் புக்ஸ்' பகுதிக்குப் போங்கள். நூலின் விவரத்தைக் கோப்புக்குள்ளிருந்து எடுப்பதா, கோப்பின் பெயரிலிருந்து எடுப்பதா என்ற தேர்வு இருக்கும். இபப்புக்குக் கோப்புக்குள் இருக்கும் விவரமே பெரும்பாலும் நன்றாக இருக்கும். பிடிஎஃப் வேறு கதை. உள்ளே தட்டச்சு செய்த கணினியின் பெயரோ பழைய எழுத்துருக் குப்பையோ தலைப்பாக நிற்கும். ஆகவே இபப்களை முதலில் சேர்த்துவிட்டு, பிறகு தேர்வை மாற்றி, பிடிஎஃப்களைக் கோப்பின் பெயரை வைத்துச் சேருங்கள். அதற்கு முன் கோப்புகளுக்கு 'தலைப்பு - ஆசிரியர்' என்ற வரிசையில், நடுவில் இடைவெளியோடு ஒரு கோடு போட்டுப் பெயரிடுங்கள். காலிபர் இயல்பாக எதிர்பார்க்கும் வரிசை அதுதான்.

முதலில் பத்து நூல்களை மட்டும் சேர்த்துப் பாருங்கள். மொத்தத்தையும் கொட்டிவிட்டால், ஒரு தப்பான அமைப்பால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டி வரும்.

சேர்த்த கணத்திலேயே காலிபர் தன் ஃபோல்டருக்குள் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. அந்த ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் தமிழ் ஆசிரியர்கள் எல்லாம் விநோதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் நிற்பார்கள். பயப்பட வேண்டாம், அது காலிபரின் உள்வேலை. 'அசிங்கமாக இருக்கிறதே' என்று அந்த ஃபோல்டர் பெயர்களை நீங்களாக மாற்றினால் காலிபருக்குக் கோப்பு எங்கே என்று தெரியாமல் போகும். நூலகத்துக்குள் சேர்ப்பது, அழிப்பது, பெயர் மாற்றுவது எல்லாம் காலிபர் வழியாக மட்டுமே.

5. ஆசிரியர் பெயரைச் சீராக்குதல்

தமிழ் நூலகத்தில் அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

ஒரே ஆசிரியர் நான்கு பெயர்களில் வருவார். பாரதியார், சுப்பிரமணிய பாரதி, மகாகவி பாரதியார், சி. சுப்பிரமணிய பாரதியார் என்று ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாகப் போட்டிருக்கும். காலிபருக்கு இவர்கள் நான்கு பேர். 'மேனேஜ் ஆதர்ஸ்' பட்டியலைத் திறந்து, ஒரு பெயரை முடிவு செய்து, மற்றவற்றையும் எழுத்துப் பிசகாமல் அதே பெயராக மாற்றுங்கள். தானாக ஒன்றாகிவிடும். எந்தப் பெயரை வைப்பது என்று ரொம்ப யோசிக்காதீர்கள். நீங்கள் தேடும்போது எதைத் தட்டச்சு செய்வீர்களோ அதை வையுங்கள்.

முன்னெழுத்துதான் உண்மையான தொல்லை. வரிசைப்படுத்துவதற்காகக் காலிபர் பெயரின் கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுவரும். 'உ. வே. சாமிநாதையர்' என்று புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டு எழுதினால் 'சாமிநாதையர், உ. வே.' என்றாகி, 'சா' வரிசையில் நிற்பார். இடைவெளி விடாமல் எழுதினால் காலிபர் முழுவதையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும், அப்போது 'உ' வரிசைக்குப் போய்விடுவார். ஓர் இடைவெளிதான் வித்தியாசம். புள்ளிக்குப் பின் எப்போதும் ஓர் இடைவெளி என்று ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே திருப்பிப்போடும் பழக்கம் வேறு இடத்தில் உதைக்கும். தன் பெயருக்குப் பின் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டு எழுதும் பெண் எழுத்தாளரைக் காலிபர் அந்த அப்பாவின், கணவரின் பெயரில் கொண்டுபோய் வைக்கும். மேனேஜ் ஆதர்ஸ் பட்டியலில் வரிசைப்படுத்தும் பெயருக்கென்று 'ஆதர் சார்ட்' என்ற பத்தி இருக்கிறது. அத்தகைய பெயர்களுக்கு அங்கே கையால் மாற்றுங்கள். எல்லாப் பெயரையும் திருப்பாமல் விடும் ஒரு மறைவான அமைப்பும் உண்டு. ஆனால் அதைப் போட்டால் முன்னெழுத்துள்ள அத்தனை பேரும் முன்னெழுத்து வரிசைக்குப் போவார்கள். சிலரை மட்டும் கையால் மாற்றுவதே மேல்.

சில சமயம் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை, எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி தெரியும். ஆனால் ஒன்றாகாது. பெயரில் 'ஸ்ரீ' இருக்கிறதா பாருங்கள். யுனிகோடில் இந்த எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. 'ஔ'வுக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டியிருப்பதும் இதே வகை. ஒரு பெயரை நகலெடுத்து மற்றதன் மேல் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. கண்ணால் பார்த்துத் தேடினால் தலைவலிதான் மிச்சம்.

இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் நடுவில் 'அண்ட்' குறி (&) போடுங்கள், காற்புள்ளி வேண்டாம். காற்புள்ளி போட்டால் இருவரையும் சேர்த்து ஒரே ஆளாக்கிவிடும். மொழிபெயர்ப்பாளரை ஆசிரியர் கட்டத்தில் சேர்க்காதீர்கள். அவருக்கு 'மொழிபெயர்ப்பு' என்று தனிப் பத்தி ஒன்றைக் காலிபரிலேயே உருவாக்கலாம்.

6. தலைப்பு, பாகம், குறிச்சொல், மொழி

இணையத்திலிருந்து விவரத்தை இறக்கும் பொத்தான் ஆங்கில நூல்களுக்கு அருமை. தமிழ் நூல்களுக்கு அதை மொத்தமாக ஓட்டாதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தலைப்பு வரும், சில நேரம் வேறு நூலின் அட்டையே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கையால் எழுதுங்கள்.

பல பாக நாவல்களில் 'பாகம் 1' என்பதைத் தலைப்பில் மட்டும் வைக்காமல் 'சீரீஸ்' கட்டத்தில் நாவலின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். தலைப்பில் மட்டும் இருந்தால் கருவியில் பத்தாம் பாகம் இரண்டாம் பாகத்துக்கு முன்னால் வந்து நிற்கக்கூடும்.

குறிச்சொற்களில் எல்லோருமே உற்சாகமாகிவிடுகிறார்கள். நூறு நூலுக்கு எண்பது குறிச்சொல் போட்டால் எதற்கும் பயனில்லை. நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை, வரலாறு போல ஒரு பத்து போதும். ஒரு குறிச்சொல்லின் கீழ் ஒரே நூல்தான் இருக்கிறதென்றால் அதை எடுத்துவிடுங்கள்.

மொழிக் கட்டத்தைப் பலர் காலியாகவோ ஆங்கிலமாகவோ விட்டுவிடுகிறார்கள். தமிழ் நூல்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல நூல்களைத் திருத்தும் சாளரத்தில் மொழி 'தமிழ்' என்று மாற்றுங்கள். எழுத்துரு, அகராதி, உரக்கப் படிக்கும் குரல் ஆகியவற்றைக் கருவிகள் தேர்வு செய்யப் பயன்படுவது இந்தக் குறிதான். ஆங்கிலம் என்று இருந்தால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயலும். கேட்டுப் பார்த்தால் தெரியும்.

7. வடிவம் மாற்றுதல்

நூலகத்தின் மூல வடிவம் இபப்பாக இருக்கட்டும். ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் அதிலிருந்து போகலாம். மோபி மட்டும் இருந்தால் இபப்பாக மாற்றி இரண்டையும் ஒரே பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைத் திட்டத்தின் யுனிகோடு வலைப்பக்கத்தைச் சேமித்து, அந்தக் கோப்பைக் காலிபரில் சேர்த்து இபப் ஆக்கலாம். நன்றாகவே வரும்.

தமிழ் பிடிஎஃப்பை இபப்பாக மாற்றுவதைப் பற்றி என் கருத்து: செய்யாதீர்கள். மூன்றாம் படியின் சோதனையில் நல்ல தமிழாக வந்த கோப்புகளை மட்டும் முயன்று பார்க்கலாம். அப்போதும் பக்க எண்களும் ஒவ்வொரு பக்கத்தின் தலையில் இருக்கும் நூல் பெயரும் வாக்கியத்தின் நடுவே வந்து உட்காரும். எழுத்து வரிசை கலைந்த கோப்புகளில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி, படிக்கவே முடியாத ஒன்று கிடைக்கும்.

அந்த பிடிஎஃப்களை அப்படியே வைத்துக்கொண்டு படிக்கும் விதத்தை மாற்றுங்கள். ஓரங்களை வெட்டினால் 6 இன்ச் திரையிலும் எழுத்து ஓரளவு பெரிதாகும். பிரிஸ் என்ற இலவசக் கருவி அதைச் செய்யும். இன்னும் சிறிய திரைக்கு கேஓரீடர் செயலியின் 'ரீஃப்ளோ' முறை உதவும். அது பக்கத்தைப் படமாகவே எடுத்து, சொற்களைத் துண்டுதுண்டாக வெட்டி அடுக்குகிறது. எழுத்தைப் படிப்பதில்லை என்பதால் பழைய எழுத்துருவும் ஸ்கேனும் அதற்கு ஒன்றுதான். டேப்லெட் இருந்தால் இத்தனை வித்தையும் வேண்டாம், ஸ்கேன் நூல்களை அதில் படியுங்கள்.

பழைய எழுத்துருவில் உள்ள நூல் கட்டாயம் இபப்பாக வேண்டுமென்றால் எழுத்தை வெளியே எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருளில் யுனிகோடாக்கி, பிழை பார்த்துச் சேருங்கள். ஸ்கேனுக்கு கூகுள் டிரைவில் ஏற்றி 'டாக்ஸ்' மூலம் திறந்தால் எழுத்துணரி வேலை செய்து தமிழ் உரையைத் தரும். ஒரு சிறுகதை, ஒரு கட்டுரை என்றால் சரி. முழு நாவலுக்கு இறங்கினால் மெய்ப்புப் பார்ப்பதே தனித் தொழிலாகிவிடும்.

8. எழுத்துருச் சோதனை

மொத்த நூலகத்தையும் அனுப்புமுன் ஒரே ஒரு இபப்பை ஒவ்வொரு கருவிக்கும் அனுப்பிப் பாருங்கள். அதில் கொ, கௌ, ணை, னை, ஸ்ரீ, க்ஷ ஆகிய எழுத்துகள் இருக்க வேண்டும். ஃபோன்களில் தமிழ் எழுத்துரு உண்டு. கிண்டில், கோபோ போன்ற மின்மைத் திரைக் கருவிகளில் சிலவற்றில் இல்லை. கட்டங்கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்து தெரிந்து, கொம்பு மட்டும் தப்பான பக்கத்தில் நின்றால் எழுத்துரு இருக்கிறது, எழுத்தைக் கோத்துக் காட்டும் திறன் செயலிக்கு இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. எழுத்தைக் கோக்கத் தெரியாத செயலியில் எழுத்துருவாக மாற்றிக்கொண்டே இருப்பது நேர விரயம்.

முதல் சிக்கலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை இறக்கி, கிண்டில் அல்லது கோபோவின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் போடுங்கள். இல்லையேல் காலிபரில் மாற்றும்போது 'லுக் அண்ட் ஃபீல்' பகுதியில் அந்த எழுத்துருவை நூலுக்குள்ளேயே பதிக்கலாம். இரண்டாவது சிக்கலுக்கு வாசிப்பு இயந்திரத்தையே, அதாவது கருவிக்குள் எழுத்தைத் திரையில் காட்டும் மென்பொருளையே மாற்ற வேண்டும். கோபோவில் சாதாரண இபப்புக்கு ஓர் இயந்திரமும் கேபப் என்ற அதன் சொந்த வடிவத்துக்கு வேறோர் இயந்திரமும் இருக்கின்றன. கேபப்பாக மாற்றி அனுப்பிப் பாருங்கள், காலிபரின் 8-ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. அப்படியும் சரியாகாவிட்டால் கேஓரீடர்.

இன்னொன்று: ஃபோன் திரையில் இருபுறமும் சமமாக நிரப்பும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். குறுகிய திரையில் சமப்படுத்தினால் வரிக்கு வரி பொத்தல் விழும்.

9. கருவிகளுக்கு அனுப்புதல்

கிண்டிலுக்கு இரண்டு வழி. 'சென்ட் டு கிண்டில்' வழியாக இபப்பை இணையத்தில் அனுப்பினால் அது உங்கள் அமேசான் கணக்கில் சேர்ந்து, ஃபோனில் உள்ள கிண்டில் செயலிக்கும் வரும். மின்னஞ்சலில் 50 எம்பி வரை, தளத்தில் நேரடியாக ஏற்றினால் 200 எம்பி வரை. பழைய பழக்கத்தில் மோபி அனுப்பாதீர்கள், இப்போது ஏற்பதில்லை. மின்னஞ்சல் அனுப்பியும் நூல் வரவில்லையென்றால், அனுப்பிய முகவரி அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிழைச் செய்தியோடு திரும்பினால் மொழிக் குறியைச் சரிபார்த்து, காலிபரில் இபப்பிலிருந்து இபப்புக்கே ஒரு முறை மாற்றி மறுபடி அனுப்புங்கள்.

இரண்டாவது வழி யுஎஸ்பி. இதற்கு ஏஇசட்டபிள்யூ3 வடிவம் வேண்டும், யுஎஸ்பி வழியாகப் போட்ட இபப்பைக் கிண்டில் திறக்காது. காலிபர் அனுப்பும்போது தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் இப்படிப் போன நூல் அந்த ஒரு கிண்டிலோடு சரி, ஃபோனோடு ஒத்திசையாது. கிண்டிலில் மட்டும் படிப்பவருக்கு யுஎஸ்பி, இரண்டிலும் படிப்பவருக்கு இணைய வழி. ஒரே நூலை இரண்டு வழியிலும் அனுப்பாதீர்கள். கிண்டிலில் இரண்டு பிரதிகள் நிற்கும், எதில் பாதி படித்தோம் என்று தெரியாது.

ஆண்ட்ராய்டு ஃபோனுக்குக் கேபிளே வேண்டாம். காலிபரில் 'கனெக்ட்/ஷேர்' பொத்தானில் 'கன்டென்ட் சர்வர்' தொடங்குங்கள். காட்டும் முகவரியை, 8080 என்ற எண்ணோடு சேர்த்து, ஃபோன் பிரௌசரில் தட்டினால் நூலகம் முழுவதும் திரையில் வரும். வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். பக்கம் திறக்கவில்லையென்றால் ஃபோனும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா பாருங்கள். ஃபோன் மொபைல் டேட்டாவில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதுவும் சரியென்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுத்திருக்கும், காலிபருக்கு அனுமதி கொடுங்கள். ஐஃபோனிலும் இதே வழிதான். சஃபாரியில் இறக்கி, 'புக்ஸ்' செயலியில் திறக்கலாம்.

எந்தச் செயலி என்ற கேள்விக்கு இப்போதுதான் இடம். ஆண்ட்ராய்டில் ரீட்எரா எளிது, மூன் பிளஸ் ரீடரில் அமைப்புகள் அதிகம், கேஓரீடர் பழக நாளாகும் ஆனால் பிடிஎஃப்புக்கு அதுதான் கெட்டி. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தனை நூல்களையும் எல்லாக் கருவிகளிலும் ஏற்ற வேண்டாம். அடுத்து படிக்கப் போகும் இருபது முப்பது போதும். நூலகம் கணினியில் பத்திரமாக இருக்கிறதே.

10. விட்ட இடத்திலிருந்து தொடர

எல்லாச் செயலிகளையும் கடந்து பக்கத்தை நினைவில் வைக்கும் ஒத்திசைவு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு செயலிக் குடும்பமும் தனக்குள்தான் ஒத்திசையும். எனவே ஒரு நூலைத் தொடங்கும்போதே எந்தக் குடும்பத்தில் படிப்பது என்று முடிவு செய்யுங்கள். கிண்டிலும் ஃபோனும் என்றால் 'சென்ட் டு கிண்டில்'. ஆண்ட்ராய்டும் ஐபேடும் என்றால் கூகுள் பிளே புக்ஸில் இபப்பை ஏற்றிப் படிக்கலாம். கோபோவும் ஆண்ட்ராய்டு ஃபோனும் என்றால் இரண்டிலும் கேஓரீடர்.

கேஓரீடர் ஒத்திசைவில் ஒரு நுணுக்கம். அது கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து 'இதே நூல்தானா' என்று பார்க்கிறது. காலிபர் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் விவரங்களைக் கோப்புக்குள் எழுதுவதால் இரு கருவிகளிலும் உள்ள பிரதிகள் சற்று வேறுபடலாம், அப்போது ஒத்திசையாது. அமைப்பில் பொருத்தும் முறையைக் 'கோப்பின் பெயர்' என்று மாற்றி, இரு கருவிகளிலும் ஒரே பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கோடுகளை நம்பி விட்டுவிடாதீர்கள். கிண்டிலில் அவை 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக் கோப்பில் சேர்கின்றன, யுஎஸ்பியில் இணைத்து நகலெடுக்கலாம். கேஓரீடரில் ஏற்றுமதி வசதி உண்டு. நூலை முடித்ததும் எடுத்துவிடுங்கள், கருவியிலிருந்து நூலை அழித்த பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம்.

11. காப்பு நகல்

காலிபரை மூடுங்கள். நூலக ஃபோல்டரை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அவ்வளவுதான். மூடாமல் எடுத்தால் தரவுத்தளக் கோப்பு பாதி எழுதிய நிலையில் போகலாம். உங்கள் தனிப் பத்திகளும் குறிச்சொற்களும் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. ஆகவே இபப்களை மட்டும் பொறுக்கி எடுப்பது காப்பு நகல் ஆகாது. கிளவுடில் ஒரு பிரதி வேண்டுமென்றால் ஃபோல்டரைச் சுருக்கி ஒரே கோப்பாக்கி மேலேற்றுங்கள்.

எடுத்த நகலை ஒரு முறையாவது திறந்து பாருங்கள். காலிபரின் 'ஸ்விட்ச் லைப்ரரி' தேர்வில் அந்த நகலைக் காட்டினால் நூல்கள் வரிசையாக வர வேண்டும். வந்தால், இரண்டாம் படியில் அழிக்க வேண்டாம் என்று சொன்ன ஃபோன் கோப்புகளை இப்போது அழிக்கலாம். 'வரவு' ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். காலி செய்யாமல் விட்டவர்கள் அடுத்த மாதமே காலிபரில் இருப்பதை விட்டுவிட்டு அங்கிருக்கும் பிரதியைத் திறந்து படித்துக்கொண்டிருப்பார்கள்.

12. இனி புதிய நூல் வந்தால்

'வரவு' ஃபோல்டருக்கு, அங்கிருந்து காலிபருக்கு, பெயரும் மொழியும் சரிபார்ப்பு, அப்புறம் கருவிக்கு. வாட்ஸ்அப்பில் வந்ததும் தட்டித் திறந்து அங்கேயே படிக்கத் தொடங்குவதுதான் மறுபடி எல்லாவற்றையும் சிதறடிக்கும். அன்றன்றைக்குச் செய்ய நேரமில்லையென்றால் வாரம் ஒரு முறை சேர்த்து வைத்துச் செய்யலாம். நூல் அதுவரை 'வரவு' ஃபோல்டரிலேயே இருக்கட்டும், கருவிக்கு மட்டும் போக வேண்டாம்.

கணினியே இல்லாதவர்கள் ஃபோனில் ஒரே ஃபோல்டர் வைத்து, 'தலைப்பு - ஆசிரியர்' என்று தமிழிலேயே பெயரிட்டு, ரீட்எராவில் அந்த நூல்களைத் தொகுப்புகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஐந்தாம் படியின் இடைவெளி விதியும் ஏழாம் படியின் பிடிஎஃப் எச்சரிக்கையும் அங்கும் பொருந்தும். காப்பு நகலுக்கு அந்த ஒரு ஃபோல்டரை மாதம் ஒருமுறை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள்.